வெளுத்த ஏலச்செடிகள்

கோடை மழையோடு வந்த காற்றில் எங்கள் ஏலத்தோட்டத்தின் பெரிய நிழல் மரம் வேரோடு சாய்ந்தது. வண்டன்மேட்டுக்குக் கீழே, சரிவில் இருக்கிற சின்னத் தோட்டம். நானும் என் தம்பியும்தான் பார்த்துக்கொள்கிறோம். மரம் பாதைப் பக்கமாக விழுந்ததால் செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"தப்பிச்சோம்க்கா" என்றான் தம்பி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதன்பின் மழையே இல்லை. மரம் நின்ற இடத்தின் வழியாக வெயில் நேராக இறங்கியது. அந்த வாரம் முடிவதற்குள் அங்கிருந்த செடிகளின் இலைகள் மஞ்சளாகி, நடுவில் காகிதம்போல வெளுத்துவிட்டன. பூவும் காயும் பிடிக்கிற சரம் விடுகிற பருவம் வேறு.

தம்பி மருந்துப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தான்.

"நோய்தான்க்கா. இன்னைக்கே அடிக்கலேன்னா தோட்டம் பூரா பரவிரும்."

"பொறுடா. முதல்ல இதப் பாரு" என்று அவன் கையைப் பிடித்தேன்.

"பாத்துக்கிட்டு நிக்க நேரமில்ல. கைய விடு!"

நான் விடவில்லை. வெளுத்த இலை ஒன்றை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். மேலே இருந்த இலை மறைத்த பாகம் மட்டும் கரும்பச்சையாக, வெட்டி ஒட்டியதுபோல இருந்தது.

"நோயின்னா நிழல் விழுந்த இடத்த விட்டுட்டா வரும்? இது வெயிலுடா."

"வெயிலுலதானே செடி வளருது?"

கல்லூரியில் தாவரவியல் படித்தவள் நான். இலைக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கிற பகுதி, வெளிச்சம் மிஞ்சினால் அதனாலேயே உடையும் என்றேன். செடி அதைத் தினமும் சரிசெய்துகொள்ளும். நிழலிலேயே வளர்ந்த ஏலத்துக்கு, உடைகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. உச்சிவெயிலில் மருந்தும் பட்டால் இன்னும் கருகும்.

"நீ சொல்றது தப்பாப் போச்சுன்னா?"

படித்தது பாடம், இது எங்கள் பிழைப்பு. ஆனாலும், "நிழல் வலையக் கட்டுவோம். நான் பொறுப்பு" என்றேன்.

நாற்றங்காலுக்கு வாங்கிய பச்சை வலையை இழுத்து வந்தோம். தம்பி பக்கத்து மரத்தில் ஏறிக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தபோது, காற்று புகுந்து வலை பாய்மரம்போல உப்பியது. அவன் நின்ற கிளை வளைந்தது. "கயித்த விட்ருடா!" என்று கத்தினேன். விடாமல் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் இறங்கினான். உள்ளங்கை தோலுரிந்திருந்தது. பம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

அவன் என்னோடு பேசாமலேயே நாட்கள் போயின. வெளுத்த இலைகள் பச்சைக்குத் திரும்பவில்லை; காய்ந்து தொங்கின. சில செடிகள் தூரோடு செத்தன. தினமும் காலையில் இறங்கிப் போகவே பயமாக இருந்தது.

பிறகு ஒருநாள் கீழிருந்து தம்பியின் குரல் கேட்டது.

"யக்கா, இங்க வா. சிம்பு வெடிச்சிருக்கு."

ஓடினேன். வலையின் நிழலில், காய்ந்த தூரின் அடியில் விரல் நீளத்துக்குப் பச்சைக் குருத்து. பக்கத்துத் தூரிலும் ஒன்று. தம்பி அதைத் தொடாமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.