கீழ்வீட்டின் சூடு

டோர்பென் யெஸ்ஸன் முதன்முறை அந்த வீட்டைப் பார்க்கச் சென்றபோது, சமையலறையில் அடுப்பும் தொட்டியும் அலமாரிகளும் இருந்தன. சாவி கைக்கு வந்த நாளில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு தண்ணீர்க் குழாய்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. காலி செய்து போகிறவர்கள் சமையலறையையும் கழற்றி எடுத்துப் போவது எங்கள் ஊர் வழக்கம். விட்டுச் செல்ல வேண்டுமானால் விலை கேட்பார்கள். அவர்கள் கேட்ட விலை யெஸ்ஸனிடம் இல்லை. மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கட்டியபின் அவரிடம் மிஞ்சியது ஒரு வாணலி வாங்கும் தெம்புதான்.

யெஸ்ஸன் வடக்கே, டென்மார்க் எல்லையை ஒட்டிய சிற்றூரைச் சேர்ந்தவர். நாற்பத்தொரு வயதில், மணவிலக்குக்குப் பிறகு, டிராம் ஓட்டும் வேலை கிடைத்து நாட்டின் மறுகோடியான ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தார். மகள் லெவ்கே தாயுடன் ஊரிலேயே இருந்தாள். எட்டு வயது. விடுமுறைக்கு அவளை அனுப்பத் தாய் அன்ட்யே ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தாள்.

“அவளுக்குன்னு தனியா ஒரு ரூம் இருந்தா அனுப்புறேன். சோபாவுல சுருட்டிப் படுக்க வைக்கிறதா இருந்தா வேண்டாம். நீயே இங்க வந்து பாத்துட்டுப் போ.”

ஆகவே, ஓர் அறை போதுமான மனிதர் இரண்டு அறைகள் உள்ள வீட்டை எடுத்தார். மூன்றாம் மாடி, மரத்தளம் போட்ட பழைய கட்டடம். எங்கள் ஊரில் வாடகைக்கு இரண்டு கணக்கு உண்டு. நான்கு சுவருக்குக் கொடுப்பது குளிர் வாடகை. தண்ணீர், குப்பை, ஹீட்டர் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுப்பது சூட்டு வாடகை. சம்பளத்திலிருந்து குளிர் வாடகையும் மகளின் பராமரிப்புத் தொகையும் கழிந்தபின் மிஞ்சியதை அவர் பலமுறை கூட்டிப் பார்த்தார். ரொட்டியிலும் பாலிலும் குறைக்க இடமில்லை. மின்சாரக் கம்பெனி பேரத்துக்கு வராது. சூட்டுடன் மட்டுமே பேரம் பேசலாம். ஒவ்வொரு ஹீட்டரிலும் ஓர் அளவி ஒட்டியிருக்கும். மாதந்தோறும் முன்னதாகக் கட்டும் தொகையை ஆண்டுக்கு ஒருமுறை அந்த அளவியோடு ஒப்பிட்டு, மிச்சத்தைத் திருப்பித் தருவார்கள் அல்லது பற்றாக்குறையைக் கேட்பார்கள். ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட திருகு ஒவ்வொரு ஹீட்டரிலும் உண்டு; யெஸ்ஸன் எல்லாவற்றையும் அடியோடு மூடினார். வடகடல் காற்றில் வளர்ந்த உடம்பு தாங்கும் என்பது அவருடைய கணக்கு.

அடுப்பில்லாத முதல் வாரத்தில் கதவைத் தட்டியவர் ரோஸ்விதா ஹேபர்லே. நேர் கீழ்வீட்டு அம்மா. மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் நெடுங்காலம் உழைத்து, விரல் மூட்டுகள் வீங்கியதால் அறுபதுக்கு முன்பே ஓய்வூதியத்துக்கு வந்தவர். அவர் கையில் ஒரு மின்அடுப்பு இருந்தது.

“இந்தாங்க. ரெண்டு தட்டுல ஒண்ணுதான் சூடாகும். அதுவும் அதுக்கு மூடு இருந்தா. வடக்கத்திக்காரரா நீங்க?”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“வாயத் திறந்தாலே ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கே.”

“நீங்க பேசுறது எனக்குப் பாதிதான் புரியுது, ஃப்ராவ் ஹேபர்லே.”

“பாதி போதும். மீதிப் பாதி திட்டாத்தான் இருக்கும்.”

மாடிப்படியைப் பெருக்கித் துடைக்கும் வாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் முறைவைத்து வரும். யார் முறையோ அவர் கதவில் ஒரு பலகை தொங்கும். யெஸ்ஸனுக்கு அதிகாலைப் பணி வந்த வாரங்களில் அந்தப் பலகை சத்தமில்லாமல் கீழ்வீட்டுக் கதவுக்கு இறங்கிவிடும். வீங்கிய கையால் துடைப்பத்தைப் பிடித்தபடி ஹேபர்லே சொல்லுவார்: “டிராமை ஒழுங்கா ஓட்டுங்க. படியை நான் பாத்துக்கிறேன்.”

முதல் குளிர்காலம் யெஸ்ஸன் எதிர்பார்த்ததைவிட எளிதாகக் கழிந்தது. ஹீட்டரைத் தொடாமலே வீடு இதமாக இருந்தது. பணிமனையில் காப்பி குடிக்கும்போது அவர் அதைச் சொல்லாமல் இருந்ததில்லை. அவருடன் வேலை பார்த்த அக்செல் உள்ளூர்க்காரன். சிக்கனத்துக்குப் பேர்போன எங்கள் மண்ணுக்கே இது பொறுக்கவில்லை.

“டேய் வடக்கத்தி மீன்தலையா, ஒரு நாள்கூட போடலையா? பொய் சொல்லாத.”

“ஒரு நாள்கூட இல்ல. நீங்கல்லாம் வெண்ணெய்ல செஞ்ச ஆளுங்க.”

“எங்க பாட்டன் ஒரு மெழுகுவத்திய வெச்சுக் குளிர்காலத்தை ஓட்டுனாராம். நீ அதையும் மிஞ்சிட்ட. உன்னை இந்த ஊர்க் குடிமகனா ஏத்துக்கிட்டேன், போ.”

யெஸ்ஸன் சிரித்தார். தம் உடம்பைப் பற்றி அவருக்கு மெய்யாகவே பெருமை இருந்தது.

மறு ஆண்டு நவம்பர் இறுதியில் ஹீட்டர் கணக்கு வந்தது. யெஸ்ஸனுக்கு நானூற்று முப்பது யூரோ திரும்பக் கிடைத்தது. அன்றைக்கே லெவ்கேயின் அறைக்கு ஏணி வைத்த உயரக் கட்டில் ஒன்றுக்குச் சொல்லிவைத்தார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவள் வந்து போக ரயில் டிக்கெட்டும் எடுத்தார். ஓராண்டாகச் சோபா என்றும் அறை என்றும் தள்ளிக்கொண்டே போன வருகை அது. தொலைபேசியில் லெவ்கே, “ஏணில எத்தனை படி?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

அதே வாரம் படியில் ஹேபர்லே எதிர்ப்பட்டார். முகம் வெளிறியிருந்தது.

“எண்ணூத்திச் சொச்சம் இன்னும் கட்டணுமாம். என் ஒருத்திக்கு! நான் என்ன நீச்சல்குளமா நடத்துறேன்? திருகை அஞ்சுல வெச்சும் ரூம் ஒழுங்கா சூடாகல, அது வேற. டாக்டரு கையைச் சூடா வெச்சுக்கோன்னு சொல்றாரு. சொல்றவரா கட்டப் போறாரு? இனிமே ஒண்ணுல வெச்சுட்டு கோட்டு போட்டுக்கிட்டு உட்கார வேண்டியதுதான்.”

யெஸ்ஸன் வருத்தத்துடன் தலையசைத்தார். அந்த வருத்தத்தில் அப்போது கலப்படம் எதுவும் இல்லை.

சில நாள்களில் அவர் வீடு குளிர்ந்தது. பணி முடிந்து பிற்பகலில் கதவைத் திறந்தவர், தம் மூச்சு புகையாக எழுவதைப் பார்த்தார். சன்னல்கள் மூடியிருந்தன. வெளியே அப்படியொன்றும் கடுங்குளிர் இல்லை. போன சனவரி இதைவிட மோசமாக இருந்தது. அந்தச் சனவரியில் அவர் இந்த அறையில் அரைக்கைச் சட்டையோடு நடமாடியிருக்கிறார். அவர் காலணியைக் கழற்றினார். காலுறையைத் துளைத்துக்கொண்டு தரையின் குளிர் ஏறியது. குனிந்து மரத்தளத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். போன குளிர்காலம் முழுவதும் அந்தத் தரை வெதுவெதுப்பாக இருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. தரைக்குக் கீழே இருந்தவர் அஞ்சில் வைத்திருந்தார். இப்போது ஒன்றில் வைத்திருக்கிறார்.

வடகடல் உடம்பு எதையும் தாங்கவில்லை. ஹேபர்லே எரித்த சூடு மரத்தளத்தின் வழியே ஏறி வந்து இவரைத் தாங்கியிருந்தது. ஹேபர்லே கட்டவேண்டிய எண்ணூறில் தம் நானூற்று முப்பது அடங்கியிருந்தது என்பதைக் கண்டுகொள்ள யெஸ்ஸனுக்குப் பென்சில் தேவைப்படவில்லை.

உடனே கீழே இறங்கிச் சொல்லியிருக்கலாம். யெஸ்ஸன் கூடத்து ஹீட்டரை மட்டும் திறந்தார். மகளின் அறையில் இருந்ததைத் திறக்கவில்லை; கட்டிலுக்குப் பணம் போனபின் இன்னோர் அறையைச் சூடாக்கக் கையில் மிச்சமில்லை. சொல்வதை நாளைக்கு என்று ஒத்திவைத்தார். நாளை வந்தபோது, சொல்வதற்குப் பதிலாக ஹேபர்லேயின் தண்ணீர்ப் பாட்டில் பெட்டியை மாடிக்குத் தூக்கிக் கொடுத்தார். மறுவாரம் உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கினார். படி பெருக்கும் பலகை கீழ்வீட்டுக் கதவுக்கு வந்தால் அதைக் கழற்றித் தம் கதவில் மாட்டிக்கொண்டார்.

“உங்களை மாதிரி ஒரு ஆளு மேல இருக்கிறது எனக்குப் பெரிய தைரியம், ஹெர் யெஸ்ஸன்” என்றார் ஹேபர்லே. வீட்டுக்குள்ளேயே கோட்டு அணிந்திருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. பெட்டியை வாங்க நீட்டிய விரல்கள் சிவந்து மடங்கியிருந்தன. அந்த விரல்களைப் பார்க்காமல் பெட்டியைத் தரையில் வைக்க யெஸ்ஸன் பழகிக்கொண்டார்.

டிசம்பர் நடுவில் ஹேபர்லே ஓர் உதவி கேட்டார்.

“நம்ம பில்டிங் மேனேஜ்மென்ட் ஆபீசுக்குப் போறேன். அளவிதான் கெட்டுப்போயிருக்கணும். என் பேச்சைக் கேட்டா அந்தப் பொண்ணுங்க சிரிக்கிறாளுங்க. நீங்க கூட வந்து உங்க ரேடியோப் பேச்சுல நாலு வார்த்தை எடுத்துச் சொல்லுங்களேன்.”

முடியாது என்று சொல்லக் காரணம் வேண்டும். யெஸ்ஸனிடம் இருந்த ஒரே காரணம் சொல்லக்கூடியதாக இல்லை. அவர் உடன் சென்றார். டிராமில் பயணியாக உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தமும் நெருங்கும்போது அடுத்த நிறுத்தத்துக்குள் சொல்லிவிடுவதாகத் தீர்மானித்தார். ஹேபர்லே அவருக்கு ஒரு புதினா மிட்டாய் கொடுத்தார். மிட்டாயை வாயில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று அதையும் ஒரு சாக்காக்கிக்கொண்டார்.

அலுவலகத்தில் இருந்த இளம்பெண் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. கணினியில் எண்களைப் பொறுமையாகச் சரிபார்த்தாள்.

“அளவியெல்லாம் சரியாத்தான் இருக்கு, ஃப்ராவ் ஹேபர்லே. ஆனா இந்த அளவு ரொம்ப அதிகம்ங்கிறதும் உண்மைதான். உங்களுக்கு மேல் வீடு காலியா கிடக்கா?”

“காலியா? எதுக்குக் கேக்குறீங்க?”

“பழைய கட்டடம். நடுவுல வெறும் மரம்தான். மேல யாரும் சூடு போடலைன்னா உங்க சூடு அப்படியே மேல ஏறிப் போயிடும். நீங்க எவ்வளவு திருகினாலும் உங்க ரூமுக்குப் பத்தாது.”

ஹேபர்லே வாய்விட்டுச் சிரித்தார். “அடி போம்மா. இதோ, மேல் வீடு உன் எதிர்லதான் உட்கார்ந்திருக்கு. அவரு வீடு கதகதன்னு இருக்கும். போன கிறிஸ்துமஸுக்கு பிஸ்கட்டு சுட்டு எடுத்துட்டுப் போனேன்; மனுஷன் அரைக்கைச் சட்டையோட வந்து கதவைத் திறக்கிறாரு. சொல்லுங்களேன், ஹெர் யெஸ்ஸன்.”

இருவரும் அவரைப் பார்த்தார்கள். ‘ஆமாம்’ என்று ஒரு சொல் போதும், அந்தப் பெண் தோளைக் குலுக்கிவிட்டு அளவியைச் சோதிக்க ஆள் அனுப்புவாள், கிறிஸ்துமஸ் வந்துவிடும், லெவ்கே ஏணிப் படிகளை எண்ணுவாள்.

“அது உங்க சூடு, ஃப்ராவ் ஹேபர்லே” என்றார் யெஸ்ஸன். “நான் போன வருஷம் பூரா ஹீட்டரே போடல.”

ஹேபர்லேயின் சிரிப்பு முகத்தில் சிறிது நேரம் அப்படியே நின்றது, இறங்குவதற்கு வழி தெரியாததுபோல. அந்த இளம்பெண் பார்வையைத் திரைக்குத் திருப்பிக்கொண்டாள். சூடு போட வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, இவர்மேல் சட்டப்படி குற்றமில்லை, கணக்கும் மாறாது என்று மெல்லச் சொன்னாள். யெஸ்ஸனுக்கு அந்த விடுதலை எந்த வகையிலும் உதவவில்லை.

திரும்பும் வழியில் டிராமில் இடம் இருந்தும் ஹேபர்லே நான்கு இருக்கை தள்ளி உட்கார்ந்தார். தம் வீட்டுக் கதவு முன்னால்தான் வாய் திறந்தார்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“நீங்க ஒண்ணுல வெச்சீங்களே, அப்ப. என் வீடு குளிர்ந்துபோச்சு.”

“அதுக்கப்புறம்தான் பெட்டி தூக்க ஆரம்பிச்சீங்க.”

யெஸ்ஸன் தலையசைத்தார்.

“நான் என்னவோ பாசம்னு நினைச்சேன். வட்டி கட்டிட்டு இருந்திருக்கீங்க.” அவர் சாவியைத் துளையில் பொருத்த முயன்றார், விரல்கள் ஒத்துழைக்கவில்லை. யெஸ்ஸன் கை நீட்டியபோது, “விடுங்க” என்றார். “உங்களுக்கு எவ்வளவு திரும்பி வந்துச்சு?”

“நானூத்தி முப்பது. கட்டில் வாங்கிட்டேன். லெவ்கேக்கு. அப்புறம் டிக்கெட்டு.”

“எனக்கு அந்த நானூத்தி முப்பது வேணும். மீதி என் தலையெழுத்து, கட்டிக்கிறேன். கட்டிலைத் தொடாதீங்க, அது குழந்தையோடது. வேற எங்க இருந்து எடுப்பீங்களோ, அது உங்க பாடு.” கதவு திறந்தது. “நாளையில இருந்து தண்ணிப் பெட்டிய நானே ஏத்திக்கிறேன். ரெண்டு ரெண்டு பாட்டிலா.”

எடுப்பதற்கு வேறிடம் இல்லை. யெஸ்ஸன் டிக்கெட்டை ரத்து செய்தார்; திரும்பி வந்த தொகையுடன் அம்மாதச் செலவில் மிச்சம் பிடித்ததையும் சேர்த்து ஓர் உறையில் இட்டுக் கீழ்வீட்டின் தபால் பெட்டியில் போட்டார். குறைந்ததை இரண்டு மாதத்தில் தருவதாக அதன்மேல் எழுதினார். பின்பு மகளின் அறைக்குள் சென்று, அதுவரை தொடாத திருகை மூன்றுவரை திறந்தார். ஹேபர்லேயின் படுக்கை நேர் கீழே இருந்தது. குழாய்க்குள் தண்ணீர் முனகத் தொடங்கியது.

அந்த அறையிலிருந்தே ஊருக்குப் பேசினார். முதலில் எடுத்த அன்ட்யே, லெவ்கேயின் வருகை ஈஸ்டருக்குத் தள்ளிப்போனதைக் கேட்டு முடித்ததும், “எதிர்பார்த்ததுதான்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை மகளிடம் கொடுத்தாள்.

“பப்பா, ஈஸ்டருக்குத்தானா? நீ சத்தியம் பண்ணினியே.”

“பண்ணினேன், கண்ணு. இங்க ஒருத்தருக்கு நான் பாக்கி வெச்சுட்டேன். கீழ் வீட்டு அம்மாவுக்கு.”

“அவங்ககிட்ட என்ன வாங்கின?”

“சூடு.”

“அதை எப்படி வாங்க முடியும்? கேட்டியா?”

“கேக்கல. அதான்.”

யாரும் இல்லாத அந்த அறை இப்போது எப்படி இருக்கிறது என்று லெவ்கே கேட்டாள். யெஸ்ஸன் ஹீட்டரின்மேல் கையை வைத்துப் பார்த்தார்.

“சூடா இருக்கு” என்றார். துண்டிக்காமல், கட்டில் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, அவள் அடுத்துக் கேட்பதற்காகக் காத்திருந்தார்.