சகனில் ஓர் இடம்

பஸ் டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் ஆயிஷா பீவி அதைச் சுருட்டத் தொடங்கிவிட்டார். கண்டக்டர் அடுத்த சீட்டுக்கு நகர்வதற்குள் அது ஊசியாகிவிட்டது. வழியில் செக்கிங் ஏறினால் அதைப் பிரித்துக் காட்டும் வேலை என் தலையில்தான் விழும்.

சுருட்டுவதுதான் அவருக்குத் தொழில். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் வீட்டிலிருந்தபடியே பேண்டேஜ் துணி சுற்றிக் கொடுப்பவர்களில் அவர் கை தனி. தொடைமேல் துணியை வைத்து உள்ளங்கையால் ஓர் இழுப்பு இழுத்தால் கல் மாதிரி இறுகிவிடும். "தொளதொளன்னு சுத்துனா திருப்பி அனுப்பிருவாக டீச்சர். முதல்லயே இறுக்கிட்டா சோலி முடிஞ்சிரும்ல?" என்பார். கை அதிலேயே பழகிவிட்டது. பாய், பழைய சேலை, தலையணை உறை என்று அவர் வீட்டில் எல்லாம் உருளைதான். நான் படிக்கக் கொடுக்கும் வாரப் பத்திரிகையும் உருளையாகத்தான் திரும்பி வரும். நாலு மூலையிலும் கல் வைக்காமல் அதைப் படிக்க முடியாது.

அவரும் மகள் நூர்னிசாவும் ஒரு சீட்டில்; துணைக்கு வந்த நான் பின்னால். நூர்னிசாவுக்கு இருபத்திரண்டு வயது. மில்லுக்கு சைக்கிளில் போனவளை லாரி ஒன்று தட்டிவிட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது, கால் மட்டும் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. மதுரை டாக்டர் "நடந்தால்தான் நடை வரும்" என்று சொல்லியும், தெருவில் யாராவது பார்ப்பார்கள் என்று அவள் வாசற்படி தாண்டவில்லை. இந்தப் பயணத்துக்கும் "ஞாயித்துக்கிழமை டிவியில படம் போடுவான், நான் வரல" என்றுதான் அடம் பிடித்தாள். ஆயிஷா பீவி வாக்குவாதமே செய்யவில்லை. அவளுடைய துணிகளைச் சுருட்டிப் பைக்குள் திணித்தார், அவ்வளவுதான்.

போவது பிளவக்கல் அணைக்கு. அணையடியில் ஆயிஷா பீவியின் அண்ணன் காதர் டீக்கடை வைத்திருந்த காலத்தில் பரீட்சை லீவு முழுக்க நூர்னிசாவுக்கு அங்கேதான் வாசம். அணைக்கரைப் படியில் எல்லாருக்கும் முன்னால் ஓடி மேலே நிற்பாளாம். மத்தியானச் சாப்பாடு கரைமேல், ஒரே சகனில். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து உண்கிற பெரிய தட்டுக்கு அவர்கள் வீட்டில் சகன் என்று பெயர். நாலாவது ஆள் வந்து உட்காரும்வரை மற்ற மூவரும் சோற்றில் கை வைக்கக் கூடாது. அந்த முறையை ஆயிஷா பீவி எதற்காகவும் தளர்த்தியதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி, சனிக்கிழமை இரவு கூமாப்பட்டியில் காதர் வீட்டில் தங்கினோம். மறுநாள் தேங்காய்ச் சோறும், ஆணம் என்று அவர்கள் சொல்லும் கறிக் குழம்பும் கட்டிக்கொண்டு அணைக்குப் போனோம். படியடியில் நூர்னிசா ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"நான் இங்கனயே இருக்கேன். எனக்கு ஒரு தட்டுல போட்டுக் குடுத்துட்டுப் போங்க."

"தட்டு ஒண்ணுதாம்ட்டி இருக்கு. அது மேல போகுது" என்றார் ஆயிஷா பீவி. சகனைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரும்பிப் பாராமல் ஏறினார். காதரும் நானும் சோற்றுச் சட்டியும் பின்னால் போனோம்.

மேலே சகனில் சோறு கொட்டி, ஆணம் ஊற்றி, மூன்று பேர் உட்கார்ந்தோம். நாலாவது இடம் காலி. ஆயிஷா பீவி படிக்கு முதுகைக் காட்டி, தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். வெயில் ஏறியது. எனக்குப் பசி காதை அடைத்தது. அதைவிட அதிகமாக அவர்மேல் கோபம் வந்தது. காலொடிந்த பெண்ணைப் பட்டினி போட்டு நடக்க வைப்பது என்ன தாய்மை?

"பாவம் ஆயிஷா, அந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் கொண்டு போய்க் குடுத்துட்டு வாரேனே" என்றார் காதர்.

"உக்காருங்கண்ணே. இன்னைக்கு நீங்க கொண்டு போய்க் குடுப்பீக. நாளைக்கு நான் மௌத்தாயிட்டா அவளுக்கு ஆரு கொண்டு போய்க் குடுப்பா?"

கொஞ்ச நேரத்தில் காதர் கழுத்தை நீட்டி, "ஏறி வாரா, ஏறி வாரா" என்றார். எட்டிப் பார்த்தேன். ஒரு கால் வைத்து, மறு காலை இழுத்து, கோலை ஊன்றி வந்துகொண்டிருந்தாள். பாதிப் படியில் கோல் நழுவிக் கீழே உருண்டது. நூர்னிசா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

காதர் துள்ளி எழுந்தார். ஆயிஷா பீவி தலையைத் திருப்பவில்லை. கை மட்டும் நீண்டு அண்ணனின் கைலி ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. கைலியைக் காப்பாற்றிக்கொள்ள அவர் உட்கார வேண்டியதாயிற்று.

"கம்பு விழுந்திருச்சும்மா" என்று கீழிருந்து குரல் வந்தது. அழுகிற குரல்.

"நான் கம்பைக் கூப்பிடலட்டி, உன்னையத்தான் கூப்பிட்டேன்."

நூர்னிசா கீழே கிடந்த கோலைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, பிறகு மேல்படியில் கையை ஊன்றி எழுந்தாள். கையும் காலுமாக மீதிப் படிகளைக் கடந்து, கடைசிப் படியில் நிமிர்ந்து, தள்ளாடித் தள்ளாடி வந்து காலி இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வையும் கண்ணீரும்.

"ஆணம் ஆறிப் போச்சு" என்றாள், தாயை முறைத்து.

"ஆறத்தான் செய்யும். எம்புட்டு நேரம்?"

அப்போதுதான் ஆயிஷா பீவியின் மடியைக் கவனித்தேன். தலையிலிருந்து நழுவிய முந்தானை அவருடைய கைக்குள் சுருண்டு, சுருண்டு, தோள்வரை ஏறிக் கல்லாக இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் அதைப் பிரித்து விரித்தார். மகளின் முகத்தை அழுத்தித் துடைத்தார்.