நெபுலாவுக்கு ஒரே ஒரு பிளேட்

கல்யாண வீட்டில் படம் எடுக்கப் போனால் பந்தியில் சாப்பாடாவது கிடைக்கும். வானத்தைப் படம் எடுக்கப் போனால் கொசுக்கடிதான் மிச்சம். டெலஸ்கோப் வைத்திருக்கும் முதலாளியிடம் மாட்டிக்கொண்ட சகோதரர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

எங்கள் ஸ்டுடியோ அண்ணாச்சிக்கு ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் மங்கலாகத் தெரியும் புகை மேல் ஒரு கண். அதற்கு நெபுலா என்று பெயராம். அதைப் படம் பிடிக்கிற, மங்கல் வெளிச்சத்தையும் வேகமாக வாங்கும் கண்ணாடி பிளேட் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. யுத்தத்தில் கப்பல் வராது. இது கெட்டால் அவ்வளவுதான். தூத்துக்குடியில் ஓரியன் நன்றாக மேலே ஏறும் மாதமோ அடைமழை மாதம்!

செபமாலைக் கடிகாரம்

யுத்தகால இருட்டடிப்பு, ராத்திரியில் வெளிச்சமே காட்டக் கூடாது. ஸ்டுடியோ மொட்டை மாடியில் தீக்குச்சி உரசி மணி பார்க்க வழியில்லை. அதனால் டார்க் ரூம் சந்தியாகு அண்ணன் செபமாலை உருட்டித்தான் நேரம் கணக்கிட்டார். மேகம் வந்தால் நான் டெலஸ்கோப் வாயை மூட வேண்டும், அவர் மணி உருட்டுவதை நிறுத்த வேண்டும். விலகினால் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

பிளேட் போடாமல் ஒத்திகை பார்த்தோம். தூரத்தில் மேகம் தலைகாட்டியதுமே அண்ணனின் செபம் ரயில் வேகத்தில் ஓடியது. பாதி நேரத்தில் மாலையே முடிந்துவிட்டது! நான் பின்னாலிருந்து பங்குச் சாமியார் குரலில், "நிதானம், மகனே" என்றேன். அண்ணன் பதறிச் சிலுவை போட்டுக்கொண்டார். "எதுக்குவே இந்த ஓட்டம்?" என்று அண்ணாச்சி கத்தினார்.

"மேகம் வருதுல்லா அண்ணாச்சி! மாதாகிட்ட ஆபத்தை ஆற அமரவா சொல்ல முடியும்?"

படியேறிய பூட்ஸ்

ஒரு நாள் மழை விட்டு வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. பிளேட்டைப் போட்டாயிற்று. அண்ணாச்சி டெலஸ்கோப்போடு ஒட்டிய சின்னக் குழாயில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, அது நகர நகர மூச்சைக்கூட அடக்கித் திருகாணியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பாதி செபமாலை ஓடியிருக்கும். கீழே இருட்டடிப்பு வார்டன், "மேல எவம்லே அது?" என்று மரப்படியில் ஏற ஆரம்பித்தார். மாடியே ஆடியது. டார்ச்சோடு வந்தால் பிளேட் காலி.

நான் துறைமுகத்துத் துரையின் தமிழை எடுத்துவிட்டேன். "யார் அது? மேலே வர்ராதே! வேலை நட்டக்குது!" பூட்ஸ் சத்தம் நின்றது.

"தொரைங்களா? நான் சும்மா காத்து வாங்க வந்தேன் தொரை, அப்படியே போயிருதேன்."

கழுவிய பிளேட்

சந்தியாகு அண்ணன் டார்க் ரூமில் பிளேட்டைக் கழுவும்போது அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். "ஏதாச்சும் தெரியுதாலே?" என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு சில புள்ளிகள். பிறகு ஒரு கறை. "போச்சு! கடல் ஈரம்" என்று அவர் தலையில் கை வைத்தார். சந்தியாகு அண்ணன் பூதக்கண்ணாடியை அவர் கையில் திணித்தார். கறை இருந்தது சரியான இடத்தில். டெலஸ்கோப்பில் கண்ணால் பார்த்த நெபுலாவின் அதே விரித்த சிறகு வடிவம். நேற்றிலிருந்து சாப்பிடாத அண்ணாச்சி, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, "ரெண்டு இட்லி வாங்கிட்டு வாலே" என்றார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

காலையில் ஆத்தூர் வெற்றிலை வியாபாரி ஒருவர் வந்தார். பிரேமில் இருந்த நெபுலா படத்தைத் தள்ளி வைத்தும் கிட்ட வைத்தும் வெகுநேரம் பார்த்தார்.

"ஆளு அசஞ்சிட்டாரு போலயே அண்ணாச்சி, கூப்பிட்டு இன்னொண்ணு எடுத்துக் குடுத்துருங்க."

யுத்தம் முடிந்து அடுத்த பிளேட் வரும்வரை ராத்திரியில் எனக்கு நிம்மதியான தூக்கம் உண்டு என்பதுதான் விண்வெளி ஆராய்ச்சியில் நான் கண்ட ஒரே பலன்.