நாற்பத்தோராம் பக்கத்து ஏணி

மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து இருபதுக்குப் பயிற்சி நிலையத்தின் வரவேற்பு மேசையில் ஒரு புதிய நூல் விற்பனைக்கு வைக்கப்பட்டது. ஆங்கிலச் சொற்கள் ஆயிரத்து இருநூறு, ஒவ்வொன்றுக்கும் பொருளும் எடுத்துக்காட்டு வாக்கியமும். மேலட்டையில் நிலையத்து ஆங்கில ஆசிரியரின் பெயர் இருந்தது. உள்ளே இருந்த ஒவ்வொரு வரியும், அதே நிலையத்தில் பதினாறு ஆண்டுகளாக நகலெடுக்கும் இயந்திரத்தை இயக்கிவருபவர் எழுதியது. குற்றச்சாட்டு இவ்வளவுதான்.

எல்லோரும் அவரை ஜெராக்ஸ்காரர் என்றே அழைத்தார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். நகலெடுக்க வந்த தாள்களைப் படித்தே ஆங்கிலம் கற்றவர். வீணான தேர்வுத்தாள்களை நான்காக வெட்டிச் சின்ன அட்டைகளாக்கி, பின்பக்கத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று சொல் எழுதினார். 'ரிலக்டன்ட்: மனமில்லாத. கணக்கு ஆசிரியர் மனமில்லாமல் வரிசையில் நின்றார்.' வாக்கியத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுவார். மின்கட்டண ரசீதைக்கூட இருபது ஆண்டுகளாகக் கோப்பில் வைத்திருக்கும் அந்த மனிதர், அந்த அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி, பிழை திருத்தித் தரச்சொல்லி ஆசிரியரிடம் கொடுத்த அன்று மட்டும் ஒரு துண்டுச்சீட்டும் எழுதி வாங்கவில்லை. படித்தவரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம். மூன்று மாதம் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது. ஆறு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது.

பெட்டியோடு முறையிடப் போனவரை நிர்வாகி உட்காரச் சொல்லவில்லை.

"புத்தகத்தைப் பாத்து நீயே அட்டையில எழுதிட்டு வந்திருக்கேன்னு வாத்தியார் சொல்றாரு."

"ஒன்பது வருஷமா எழுதினது சார்."

"யார் பாத்தா? அதுவும் எங்க பேப்பர்ல. இருபத்தெட்டாம் தேதி மறுபதிப்பு அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள ஆதாரம் கொண்டா. இல்லன்னா பேசாம மெஷினைப் பாரு."

மறுபதிப்பு பள்ளிகளுக்குப் போகிறது. போய்விட்டால் அந்தச் சொற்களை இனி யாரும் அவருடையவை என்று நம்பப்போவதில்லை. ஆயிரத்து இருநூறு அட்டைகளையும் கூடத்தில் பரப்பிப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. ஆனால் எது முந்தியது என்று அட்டை வாய் திறந்து சொல்லுமா?

இருபத்தைந்தாம் தேதி காலை, மனைவி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, 'பேஷன்ஸ்: பொறுமை. அவள் பதினெட்டு ஆண்டுகளாகப் பொறுமையாக இருக்கிறாள்.' இது யாரு?"

"பொதுவா ஒரு பொண்ணு."

"பொதுவான பொண்ணுக்குக் கல்யாணக் கணக்கு மட்டும் எப்படி நம்ம கணக்கா இருக்கு?"

அவர் அட்டைகளை அடுக்குவதில் மும்முரமானார். மனைவி விடாமல் பக்கங்களைத் தள்ளினார்.

"இது நம்ம ஏணி இல்ல?"

நாற்பத்தோராம் பக்கம். 'பாரோ: திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்குதல்.' முதல் எடுத்துக்காட்டு நூலகப் புத்தகத்தைப் பற்றியது. இரண்டாவது: 'ஞாயிற்றுக்கிழமை மைத்துனரிடம் ஏணியைத் திருப்பிக் கேட்க வேண்டும்.'

ஜெராக்ஸ்காரர் புத்தகத்தை வாங்கி அந்த வரியை மறுபடி படித்தார். அது எடுத்துக்காட்டே அல்ல. பழகுவதற்காகத் தம் ஞாபகக் குறிப்பையும் இரு மொழியிலும் எழுதுவது அவர் வழக்கம். அட்டையின் அடியில் என்றோ எழுதியதை ஆசிரியர் அப்படியே அச்சில் ஏற்றிவிட்டார்.

அன்று மாலையே இருவரும் மனைவியின் தம்பி வீட்டுக்குப் போனார்கள். ஏணி பின்சுவரில் சாய்ந்திருந்தது. அதில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"ஆறு வருஷமா ஏணி என்கிட்டதான் இருக்குன்னு நானே எழுதிக் கொடுக்கணுமா? என் மானம் என்ன ஆவுறது அத்தான்?"

"புத்தகத்துல அச்சே போட்டாச்சு, படிக்காதவங்கதான் பாக்கிடா. போடு கையெழுத்தை," என்றார் அக்கா.

"போட்டா ஏணியைத் தூக்கிட்டுப் போயிடுவீங்க."

"வேண்டாம்ப்பா. அது இங்கயே இருக்கட்டும். இருந்தாதான் ஆதாரம்," என்றார் ஜெராக்ஸ்காரர்.

மைத்துனர் முகம் மலர்ந்து கையெழுத்திட்டார்.

இருபத்தேழாம் தேதி காலை, ஜெராக்ஸ்காரர் நிர்வாகிக்கு எழுதிய கடிதத்தைத் தம் இயந்திரத்திலேயே மூன்று நகல் எடுத்தார். வேலை போனாலும் போகலாம் என்று தெரிந்தேதான் வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கடிதத்தை நீட்டினார். "பெற்றுக்கொண்டதுக்கு ஒரு முத்திரை போடும்மா," என்று இம்முறை கூசாமல் கேட்டார். முத்திரை ஈரம் காயும்வரை அங்கேயே நின்றார். கடிதத்தின் கடைசிப் பத்தி இது:

'நாற்பத்தோராம் பக்கத்து ஏணி என்னுடையது. அதை வைத்திருப்பவரின் வாக்குமூலமும் ஏணியின் புகைப்படமும் இணைக்கப்பட்டுள்ளன. ஆசிரியருக்குத் திருமணம் ஆகவில்லை; உடன்பிறந்தோரும் இல்லை. எனில், ஞாயிற்றுக்கிழமை அவர் ஏணி கேட்க வேண்டிய மைத்துனர் யார்? மறுபதிப்பு அச்சுக்குச் செல்லுமுன், நாளை காலை பத்து மணிக்குள், இக்கேள்விக்கும், நூலின் மேலட்டையில் யார் பெயர் இடம்பெறும் என்பதற்கும், தேதியும் கையெழுத்தும் இட்ட எழுத்துமூலமான பதிலைக் கோருகிறேன். வாய்மொழிப் பதில் ஏற்றுக்கொள்ளப்படாது.'