ஒரே ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தைகள் நிகழ்ச்சி

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் ஒரு குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தினேன். பார்க்க வந்தவர் ஒரே ஒருவர். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

சிரிக்காதீர்கள். விஷயம் அப்படி.

நான் பலகுரல்காரன் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் — வாரத்தில் ஒரு நாள் இங்கே எழுதுகிறேன். மற்ற நாட்களில் காக்காயாகவும், கோழியாகவும், விழுப்புரம் ஜங்ஷனாகவும் பிழைக்கிறேன். பள்ளிக்கூடங்கள்தான் என் மேடை. பெரியவர்கள் சபையில் குரல் கொடுத்தால் மரியாதையாகக் கை தட்டுவார்கள். குழந்தைகள் கை தட்ட மாட்டார்கள். ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்து புரளுவார்கள். எனக்கு அதுதான் வேண்டும்.

ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேனே... என்ன வெட்கம்? எங்களுக்குக் குழந்தை இல்லை. என் மனைவி கமலா இருந்தவரைக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. ஒரு ஆள் பேச்சிலேயே வீடு நிறைந்திருந்தது. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது வீட்டுக்குள் காலையில் ஸ்டவ் சத்தம், சாயங்காலம் பூட்டுத் திறக்கிற சத்தம், அவ்வளவுதான். விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே குடியிருக்கிறேன், நாள் முழுக்க ரயில் கூவுகிறது. ஆனால் ரயிலோடு எத்தனை நேரம் பேசிக்கொண்டிருப்பது?

ஆகவே பள்ளிக்கூடம். ஒரு மணி நேரம் சிரிப்புச் சத்தம் கேட்டால், அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டிவிடுவேன்.

அதிலும் இந்த வருஷம் மண் விழுந்தது.

எங்கேயோ ஒரு மேஜிக்காரர் ஆள் தலையை வெட்டி ஒட்டிக் காட்டியிருக்கிறார். முன் வரிசையில் இருந்த ஒரு குழந்தைக்குப் பயத்தில் காய்ச்சல் கண்டுவிட்டதாம். உடனே உத்தரவு — பள்ளிக்கூடத்துக்குள் என்ன நிகழ்ச்சி நடத்தினாலும், ‘குழந்தைகளுக்கு உரியது’ என்று திண்டிவனம் கல்வி ஆபீசில் வகைப்படுத்தின பேப்பர் கையில் இருக்க வேண்டும். வெட்டியவர் அவர், மாட்டிக்கொண்டவன் நான். தெரிந்த ஹெட்மாஸ்டர்கள் எல்லாம் ஒரே பாட்டுப் பாடினார்கள். “பேப்பரோட வாங்க சார், ஜம்முனு நடத்தலாம். இல்லாம வந்தா எனக்கில்ல பேஜாரு!”

பொங்கலுக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடத்து வாசலையும் நான் மிதிக்கவில்லை. வாரங்கள் போகப் போக, நானே எனக்குக் குரல் கொடுத்துக்கொண்டு நானே சிரிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். பைத்தியம் பிடிக்கப்போகிறது என்று பயந்து, பஸ் ஏறித் திண்டிவனம் போய் விண்ணப்பம் கேட்டேன்.

விண்ணப்பத்தில் ‘நிகழ்ச்சியின் வகை’ என்று ஒரு கட்டம். நாடகம், சங்கீதம், சர்க்கஸ், மிருகக்காட்சி — இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பலகுரல் அதில் இல்லை. கிளார்க்குக்கு என் மேல் நிஜமாகவே அக்கறை.

“சார், நீங்க இன்னா பண்ணுவீங்க?”

“நாய், கோழி, பசு மாதிரியெல்லாம் கத்துவேன்.”

“அப்ப மிருகக்காட்சின்னு போட்டுக்கலாம். மிருகம் எங்க கட்டி வெச்சிருக்கீங்க?”

“மிருகம் இல்லைங்க. குரல் மட்டும்தான்.”

அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில் ‘மிருகம் இல்லாத மிருகக்காட்சி’ என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டார். அப்புறம்தான் குண்டைத் தூக்கிப் போட்டார்.

“ஆபீசர் வந்து நேர்ல பாப்பாரு. அவரு பாத்து வகை போடற வரைக்கும் பசங்க யாரும் பாக்கக் கூடாது.”

“என்னங்க இது? குழந்தைங்க இல்லாம குழந்தைங்க நிகழ்ச்சியை எப்படிங்க எடை போடறது?”

“சினிமாவுக்கு சென்சார் பண்றாங்களே, ஜனங்கள வெச்சிக்கினா சார் பண்றாங்க?”

விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலைத் திறந்து வைத்திருந்தார்கள். ஹால் நிறைய பெஞ்சி. அத்தனையும் காலி. நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதில் ஆபீசர் ஏகாம்பரம். மயிலம் பக்கத்துக்காரர். மடியில் குடை, குடைக்கு மேல் அட்டை, அட்டைக்கு மேல் காகிதம். முகம் பூட்டிக் கிடந்தது.

வெளியே தெருப் பிள்ளைகள் சுவர் மேல் ஏறிவிட்டார்கள். வாட்ச்மேன் கோவிந்தன் கழியை எடுத்துக்கொண்டு ஓடினார். “எறங்குங்கடா! இது குழந்தைங்க பாக்கலாம்னு எழுதிக் குடுக்கற வரைக்கும் குழந்தைங்க பாக்கக் கூடாதுடா!”

சரி, ஆரம்பித்தேன். என்னிடம் இருப்பதிலேயே நல்ல சரக்கு கோழிக் கதை. திண்டிவனம் சந்தையில் ஒரு ஆயா கோழி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். கிளியனூர் தாண்டுவதற்குள் கோழி கட்டவிழ்த்துக்கொண்டு ஓடுகிறது. ஆயா, கோழி, கண்டக்டர், டிரைவர், கியர் மாறுகிற பஸ் — எல்லாம் நானேதான். கோழி டிரைவர் தலையில் ஏறி உட்காரும்போது கண்டக்டர் அதனிடம் டிக்கெட் கேட்பார். எந்த ஊர்ப் பள்ளிக்கூடமாக இருந்தாலும் அந்த இடத்தில் கூரை பறக்கும்.

ஏகாம்பரம் காகிதத்தில் என்னவோ எழுதினார்.

சிரிப்பு வராத இடத்தில் வேடிக்கை பண்ணியிருக்கிறீர்களா? பண்ணாதீர்கள். நான் கத்துவது எனக்கே கேட்டது. காலி பெஞ்சிகளுக்கு நடுவே ஒரு வயசான மனுஷன் கொக்கரித்துக்கொண்டு நிற்கிறான் — அதுதான் எனக்குத் தெரிந்தது. கமலா பார்த்தால் என்ன நினைப்பாள் என்று ஒரு நினைப்பு வேறு வந்து தொலைத்தது. எப்படியோ கதையை ஓட்டி முடித்தேன்.

ஆபீசர் குடையை எடுத்துக் கீழே வைத்தார்.

“தப்பா நெனைக்காதீங்க சார். நல்லாத்தான் பண்றீங்க. ஆனா பசங்க இதுல எங்க சிரிப்பாங்க? அது எனக்குப் புரியல. தெரியாம எப்படிங்க எழுதிக் குடுக்கறது?”

அவரிடம் கெட்ட எண்ணமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. ‘இவர் எழுதித் தராவிட்டால் என் கதி அவ்வளவுதான், இனிமேல் அந்தப் பூட்டுச் சத்தம்தான்’ என்று மனசு அடித்துக்கொண்டது. வாயால் விளக்கினால் புரிகிற சமாசாரமா சிரிப்பு?

“இன்னொரு தடவை பண்றேங்க. எங்க சிரிப்பாங்கன்னு காட்டறேன்,” என்றேன்.

கோழி மறுபடி பஸ்ஸில் ஏறியது. இந்தத் தடவை கோழியோடு, பார்க்கிற குழந்தைகளையும் சேர்த்து ஏற்றினேன். கட்டவிழ்ந்ததும் முன் வரிசையில் ஒரு குட்டிப் பெண் ‘க்ளுக்’ என்றாள். கண்டக்டர் டிக்கெட் கேட்டதும் பின் பெஞ்சிப் பயல் ஒருத்தன் மூச்சு முட்டி இருமினான். அப்புறம் எல்லாம் சேர்ந்து கூச்சல், விசில், ‘டேய் தள்ளிக்கடா, மறைக்குது!’ — அத்தனையும் என் ஒரு தொண்டை.

அப்போது பார்த்து கோவிந்தன் கழியோடு உள்ளே பாய்ந்தார். “எவன்டா உள்ள பூந்தது? ஆபீசர் ஐயா, ஒருத்தனையும் நான் வுடலீங்க, சத்தியமா வுடலீங்க!” குனிந்து ஒவ்வொரு பெஞ்சிக்கு அடியிலும் தேடினார். ஒரு பூனைகூட இல்லை. மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை.

ஏகாம்பரம் சிரித்துவிட்டார். சும்மா இல்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலி முன்னும் பின்னும் ஆட ஆடச் சிரித்தார். சிரித்துக்கொண்டே காகிதத்தில் எழுதினார், என்னிடம் நீட்டினார். ‘குழந்தைகளுக்கு உரியது.’ எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

கோவிந்தன் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனார். நான் பையைக் கட்ட ஆரம்பித்தேன். ஏகாம்பரம் எழுந்திருக்கவில்லை.

“அந்தக் குரல்லாம் உங்க பசங்க குரலா சார்?”

“எனக்குப் பசங்க இல்லைங்க. வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம். இன்டர்வெல் மணி அடிச்சா ஜன்னல்ல நின்னு கேட்டுக்கிட்டிருப்பேன்.”

அவர் தலையாட்டினார். “எங்களுக்கும் இல்ல. கோயில் கொளம்னு சுத்தாத எடமில்ல. மயிலத்து முருகனுக்கு மொட்டையே போட்டாச்சு. இப்ப வுட்டுட்டோம். அதான் சார், எங்க சிரிப்பாங்கன்னு உங்களக் கேட்டேன்.”

டில்லியில் டெலிவிஷன் என்று ஒன்று வந்திருக்கிறதாமே, படித்திருப்பீர்கள். வீட்டுக்குள்ளேயே படம் வருமாம். நாளைக்கு அது நம் ஊருக்கும் வரும். அதிலும் குழந்தைகள் நிகழ்ச்சி இருக்கும். அதையும் எங்கேயாவது ஒரு காலி ஹாலில் ஒரு ஆபீசர் தனியாக உட்கார்ந்து பார்த்து வகை போடுவார். அவருக்காவது வீட்டில் கேட்டுப் பார்க்க ஒரு குழந்தை இருக்கட்டும். குழந்தைகள் எங்கே சிரிப்பார்கள் என்று திண்டிவனத்தில் அன்றைக்கு முடிவு கட்டியது பிள்ளையில்லாத இரண்டு பேர்.

“கெளம்பலாங்களா?” என்றேன்.

ஏகாம்பரம் குடையை எடுத்தார். மறுபடி வைத்தார். வாசல் பக்கம் கோவிந்தன் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டார்.

“சார்... ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. ஒரே ஒரு வாட்டி ‘அப்பா’ன்னு கூப்பிட்டுக் காட்டுவீங்களா? வெளிய வெளையாடிட்டு வாசல்ல வந்து நின்னு கூப்புடுமே, அந்த மாதிரி?”

எத்தனையோ குரல் பழகியிருக்கிறேன். அந்தக் குரலைப் பழகினதே இல்லை. பழகத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. வாயை ஒருக்களித்து, குரலைத் தூரத்துக்குத் தள்ளி, கூப்பிட்டேன்.

ஏகாம்பரம் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். கூப்பிட்டவனே நான்தான்... நானும் திரும்பிப் பார்த்தேன்.