மூடி போட்ட டப்பாக்கள்

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஈரம் மேடம். கல்லூரியில் மண்ணியல் நடத்துகிறவர். மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளந்து அளந்தே தலை நரைத்துவிட்டது. மண்ணைத் தகர டப்பாவில் போட்டு எடை பார்த்து, மின்அடுப்பில் காயவைத்து, மறுபடி எடை பார்க்க வேண்டும். எடை எவ்வளவு குறைந்ததோ, அதுதான் ஈரம். “இதுக்கா இவ்வளவு படிப்பு?” என்று லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவரே கேலி செய்வார்.

வேலை இன்னும் தற்காலிகம்தான். ஒப்பந்தம் முடிகிற மாதம் வந்தால் மேடத்துக்குச் சோறு இறங்காது. இந்த வருடம் நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு. பாடம் எப்படி நடத்துகிறார் என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், அதாவது எத்தனை சைட்டேஷன் என்பதுதான் கணக்கு. கணினி எண்ணிச் சொல்லும், குழு தலையாட்டும்.

எண்ணிக்கையில் மேடத்தை அடிக்க அந்தக் கல்லூரியில் ஆளில்லை. அவரைப் பயமுறுத்தியதே அதுதான்.

எல்லாம் அவருடைய முதல் கட்டுரை செய்த வேலை. களிமண் நாம் நினைப்பதைவிட வறண்டது என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தார். அடுப்புக்குள் டப்பாக்கள் வரிசையாக இருக்கும் படத்தையும் பெருமையாகச் சேர்த்திருந்தார். எங்கோ இருந்த ஓர் ஆய்வாளர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, டப்பாக்களின் மூடியைக் கழற்றவே இல்லையே என்று எழுதினார். மூடி போட்டுக் காயவைத்தால் ஈரம் எந்த வழியாகப் போகும்? மானம் கப்பலேறியது. அன்றுமுதல் மண்ணை எப்படிக் காயவைக்கக் கூடாது என்பதற்கு ஊரெல்லாம் மேடத்தின் கட்டுரையைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். கணினிக்குத் திட்டும் பாராட்டும் ஒன்றுதானே, அதுபாட்டுக்கு எண்ணிக்கொண்டே போனது.

மேடம் சும்மா இருக்கவில்லை. மூடியைக் கழற்றி வைத்து எல்லாவற்றையும் மறுபடி அளந்து, தப்பைத் திருத்தி இன்னொரு கட்டுரை எழுதினார். அதை ஈ காக்காகூடச் சீண்டவில்லை.

நேர்காணலுக்குக் கிளம்பும்போது செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டார். கணவர்தான் குனிந்து சரியாக மாட்டிவிட்டார்.

“நம்பரைத்தான் பாப்பாங்க. நீயா வாயக் குடுத்து மாட்டிக்காதே.”

“யாராவது தொறந்து படிச்சுட்டா?”

“இத்தனை வருஷமா தொறக்காதவங்க இன்னைக்கா தொறக்கப்போறாங்க?”

நியாயமான பேச்சுதான். ஆனால் பயத்துக்கு நியாயம் எங்கே புரிகிறது?

குழுவில் மூன்று பேர். நடுவில் கல்லூரி முதல்வர். “பிரமாதம்மா! நம்ம காலேஜ்ல வேற யாருக்கும் இவ்வளவு சைட்டேஷன் இல்ல” என்றார். பக்கத்திலிருந்தவர், யாரும் கேட்காமலேயே, அந்தக் கட்டுரையைச் சுவர்த் திரையில் திறந்தார். பக்கங்கள் மெல்ல நகர்ந்தன. படம் வந்தது. ஒவ்வொரு டப்பாவும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, மூடியோடு.

திறந்தவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “போட்டோ நல்லா பளிச்சுன்னு இருக்கு” என்றார்.

அவ்வளவுதான். தப்பைக் கண்டுபிடித்திருந்தால்கூட மேடம் தாங்கியிருப்பார்.

“சார், அது தப்பான கட்டுரை” என்றார் மேடம். “மூடியக் கழட்ட மறந்துட்டேன். தப்புன்னு சொல்றதுக்குத்தான் எல்லாரும் அதை எடுத்துப் போடறாங்க. திருத்தி ஒண்ணு எழுதியிருக்கேன். தயவுசெஞ்சு அதைப் பாருங்க சார்.”

மேடத்தின் கண்ணிலிருந்து கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“திருத்தினதுக்கு எத்தனை சைட்டேஷன்?” என்றார் முதல்வர்.

“ஒண்ணுகூட இல்ல சார்.”

“இந்தத் தப்பானதை இனிமேலும் எடுத்துப் போடுவாங்களா?”

“போடுவாங்க சார். பாடப்புத்தகத்துலயே சேக்கப்போறதா கேள்வி.”

முதல்வர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்புறம் எதுக்கும்மா அழறீங்க? அடுத்த வருஷம் இன்னும் ஏறுமே!” என்றபடி நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்தவரை உள்ளே வரச் சொன்னார்.