ஆறு மூலிகை உருண்டையும் என் கணவரும்

இரண்டாயிரத்து நான்கில் என் உடம்பு எரிய ஆரம்பித்தது. ஜுரம் இல்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் தகிக்கும், வாய் வறண்டுபோகும், நெஞ்சு படபடக்கும். அலுவலகத்தில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருக்கும்போது நான் மட்டும் காகிதத்தை மடித்து விசிறிக்கொண்டிருப்பேன்.

கலிபோர்னியாவில் சான் ரமோனில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒருமுறை, வீட்டுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் கூடுவோம். அங்கே இதைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் ஒரு பிழையைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் அவகாசம் கேட்கிறவர்கள், என் நோயை மூன்று நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"சூடுதான். வெந்தயத்த ஊறவெச்சு சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். எரிச்சலோடு வெந்தய வாசனையும் சேர்ந்துகொண்டது.

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரி ஒரு சீனப் பெண். அவள்தான் என்னை ஓக்லாந்தில் இருந்த ஒரு மூலிகைக் கடைக்கு அழைத்துப் போனாள். கடைக்காரரே வைத்தியர். எழுபது வயதிருக்கும். நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு கையிலும் நாடி பார்த்தார், சீன மொழியில் ஏதோ சொன்னார். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்: உடம்பில் யின் என்று ஒன்று உண்டு, குளிர்ச்சியும் ஈரமும் அதன் வேலை, சூடு யாங்கின் வேலை. அது உனக்கு வற்றிவிட்டது. கறுக்கும்வரை வேகவைத்த ஒரு கிழங்கு, பைன் மர வேரில் வளரும் காளான் என்று ஆறு சரக்கு சேர்ந்த உருண்டையைக் கொடுத்தார். பார்க்க லேகிய உருண்டை மாதிரியே இருந்தது. ஒரு மாதம் கழித்துக் கட்டாயம் வரச் சொன்னார்.

என் கணவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படிச்சவதானே நீ? இதெல்லாம் ஃப்ராடு."

"சரி, டாக்டர்கிட்ட போலாமா?"

"இதுக்கெல்லாம் எதுக்கு டாக்டர்? ஸ்ட்ரெஸ்தான் இது."

அவர் டேட்டாபேஸ் நிபுணர். ஒரு விஷயத்தை எதிர்ப்பதற்காகவே இணையத்தில் படிக்க உட்காருவார், எழுந்திருக்கும்போது அதன் பக்தராக எழுந்திருப்பார். அந்த வார இறுதியிலும் அதுதான் நடந்தது. திங்கட்கிழமை காலையில் காபி கொடுக்கப் போனால், "உனக்கு யாங் ஓவர்ம்மா" என்றார். தலைமுடி கொட்டுவதற்கும் இது நல்லது என்று எங்கோ படித்தாராம். என் டப்பாவில் பாதி அன்றே அவர் டப்பாவுக்கு மாறியது.

அதற்குள் எனக்கு எடை குறைய ஆரம்பித்திருந்தது. நன்றாகச் சாப்பிட்டும் சுடிதார் தொளதொளத்தது. அடுத்த பாட்லக்கில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "எப்படிங்க இப்படி இளைச்சீங்க? என்ன டயட்?" போன மாதம் என்னை நோயாளியாகப் பார்த்தவர்களின் கண்ணில் இந்த மாதம் பொறாமை. நானும் வெட்கமில்லாமல் பூரித்துப்போனேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். படியேறினால் மூச்சு வாங்கியதை யாரிடமும் சொல்லவில்லை.

அதே விருந்தில் என் கணவர் சோபாவில் வரிசையாக ஆட்களை உட்கார வைத்து நாக்கு பார்த்தார். லிவர்மோரிலிருந்து சான் ஹோசேவுக்கு மலை தாண்டி வேலைக்குப் போகும் கோயம்புத்தூர் நண்பருக்கு யின் சுத்தமாக இல்லை என்று சொல்லி, கை நிறைய உருண்டை கொடுத்தார். இரண்டு நாள் கழித்து நண்பர் போன் செய்தார்.

"ஃப்ரீவேல கார்பூல்ல போய்ட்டு இருக்கறப்போ வயித்தக் கலக்கிருச்சுங்க. எக்ஸிட்டே வரமாட்டேங்குது. கூட மூணு பேருங்க."

"பாடி கிளீன் ஆவுது, நல்ல சைன்" என்றார் என் கணவர். அந்த நண்பர் பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

மாதம் முடிந்ததும் கடைக்குப் போனோம். சீனத் தோழியும் வந்தாள். எட்டு குடும்பங்களுக்கு வேண்டிய உருண்டைகளின் பட்டியல் என் கணவர் கையில். வைத்தியர் பட்டியலைத் தொடவில்லை. என் நாடியை வெகுநேரம் பிடித்திருந்தார். கைகளை நீட்டச் சொன்னார். விரல்கள் நடுங்கின. நான் அதுவரை கவனித்ததே இல்லை. அவர் சொன்னதைத் தோழி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "இனி உனக்கு மருந்து தர மாட்டாராம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்."

என் கணவர் விடவில்லை. நான் எவ்வளவு இளைத்திருக்கிறேன், அதுவே மருந்து வேலை செய்வதற்கு அத்தாட்சி என்று வைத்தியருக்கே அவர் மருந்தைப் பற்றி வகுப்பெடுத்தார். வைத்தியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வாக்கியம் சொன்னார். தோழி அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்வது தெரிந்தது. இன்னும் விட்டிருந்தால் இதயத்தைப் பாதித்திருக்கும் என்றார் டாக்டர். வீடு திரும்பி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என் கணவர், "நான்தான் அப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றார். அன்று அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாத்திரையில் சில மாதங்களில் எரிச்சல் அடங்கியது. எடையும் திரும்பி வந்தது, பெண்களும் என்னிடம் ரகசியம் கேட்பதை நிறுத்தினார்கள். என் கணவரும் பழையபடி தேறிவிட்டார். "சைனீஸ் மெடிசின் ஃப்ராடுன்னு நான் முதல்லயே சொன்னேன்" என்று அவர் ஒரு பாட்லக்கில் முழங்கியபோது, நான் தட்டோடு வேறு அறைக்குப் போனேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை மைசூர்பாகு செய்து எடுத்துக்கொண்டு தனியாக ஓக்லாந்து போனேன். வைத்தியருக்கு என்னை நினைவில்லை. பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில், இது எதற்கு நல்லது என்று கேட்டார்.

எதற்கும் இல்லை என்றேன்.

தலையாட்டிவிட்டு இரண்டு துண்டு சாப்பிட்டார்.